கேட்காமல் துளைத்த சுவர் – 9: காயாத வெள்ளை

கோர்ட்டு வாசலில் பதினாறு வருடமாக டைப் அடிக்கிறவளுக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும். நடந்தது எதுவாக வேண்டுமானாலும் இருக்கட்டும், காகிதத்தில் ஏறினால்தான் அது நடந்தது.

ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் 'மனுதாரர்' என்று அடித்துக் கொடுத்தவள், ஏழு மாதமாகத் தானே மனுதாரர்.

இந்தக் குடும்பத்தோடு கூடவே வருகிறவர்களுக்கு அந்தப் புதன்கிழமை மறந்திருக்காது. டைப்பிஸ்ட் கோர்ட்டில் இருந்தாள். கணவர் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தார். மாமனார் கண் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார். சாயங்காலம் திரும்பி வந்து பார்த்தால், வீட்டின் பக்கச் சுவரில் பீரோ அளவுக்கு ஓர் இரும்புப் பெட்டி. தெருவில் பதினொரு வீடுகளுக்கு இனி அதிலிருந்துதான் கரண்ட்டாம். அதை மாட்டுவதற்குச் சுவரில் ஆறு துளை. ஆறு போல்ட்டும் மாமனார் அறைக்குள் விரல் நீளத்துக்கு எட்டிப் பார்த்தன.

"யாரைக் கேட்டு வச்சீங்க?" என்று கரண்ட் ஆபீஸில் போய்க் கேட்டாள்.

"பொது வேலைக்கு யாரைக் கேக்கணும்?" என்றார்கள்.

அப்புறம் மழை. துளை வழியே தண்ணீர் இறங்கி சுவர் முழுக்க ஓதம். ஜன்னலுக்கு மேலே முடி மாதிரி தொடங்கிய விரிசல், கட்டில் வரைக்கும் இறங்கிவிட்டது. பெட்டி ராப்பகலாக உறுமியது. மாமனார் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு படுத்தார். குறை மட்டும் சொல்லவே இல்லை.

வழக்குப் போட்டாள். போட்டோக்களைக் காட்டினாள். "போட்டோ எந்தச் சுவரையும் எடுக்கலாம்" என்றது எதிர்த்தரப்பு. கடைசியில் கோர்ட்டு ஓர் ஆணையரை நியமித்தது. அவர் நேரில் வந்து பார்த்து அறிக்கை கொடுப்பார். செவ்வாய்க்கிழமை, காலை பதினோரு மணி.

அந்தச் செவ்வாய்க்கிழமைதான் இன்று.

---

லீவு போட்டிருந்தும் காலையில் ஒரு மணி நேரம் ஓட வேண்டியதாகிவிட்டது. ஒருத்தருடைய ஜாமீன் மனு. பத்து மணிக்குள் தாக்கல் செய்தாக வேண்டும். அடித்துக் கொடுத்துவிட்டு, கைப்பையை இடுக்கிக்கொண்டு, பத்தரைக்கெல்லாம் வீட்டுக்குள் நுழைந்தாள்.

நுழைந்ததுமே மூக்கில் ஏறியது, புதுப் பெயின்ட் வாசனை.

நடையில் கணவர், அந்த பஸ் டிரைவர், நின்றிருந்தார். இன்றைய டியூட்டியை மாற்றிக்கொண்டு வீட்டில் இருக்கிறார். கையில் தட்டு. தட்டில் மூன்று காலி டீ கிளாஸ்.

"யாருக்குங்க டீ?"

"கரண்ட் ஆபீஸ் ஆளுங்க. மூணு பேரு வந்தாங்க. இப்பத்தான் போறாங்க, வேன் எதுத்தாப்புல வந்திருக்குமே?"

அவள் மாமனார் அறைக்கு ஓடினாள்.

விரிசலைக் காணோம். ஓதத்தின் கறுப்புத் திட்டுகளைக் காணோம். போல்ட் முனைகளை அறுத்து, மேலே சிமென்ட் வைத்து அப்பி, சுவர் முழுக்கப் பளபளவென்று வெள்ளை அடித்திருந்தார்கள். ஏழு மாத வழக்கு நாற்பது நிமிடத்தில் சுவருக்குள் போய்விட்டது.

"எதுக்குங்க விட்டீங்க?"

"கோர்ட்டு சொல்லிச்சுன்னு சொன்னாங்கம்மா. சுவரைச் சரி பண்ணிக் குடுத்துட்டு வாங்கன்னு."

"கோர்ட்டு பாக்கத்தாங்க சொல்லுச்சு! பூசச் சொல்லல!"

"எனக்கென்ன தெரியும்? கையில பேப்பர் வச்சிருந்தாங்க."

"படிச்சீங்களா?"

டிரைவர் தட்டைப் பார்த்தார்.

"படிக்கல. டீ மட்டும் போட்டுக் குடுத்தீங்க."

"வீட்டுக்கு வந்தவங்களுக்கு..."

"திருட வந்தவனுக்கு ஏணி பிடிக்கிற ஆளு நீங்க ஒருத்தர்தான்."

மாமனார் அறை நடுவே இழுத்துப் போட்ட கட்டிலில் உட்கார்ந்திருந்தார். தலையணை மேல் நியூஸ் பேப்பர் விரித்திருந்தது. முப்பத்தோரு வருடம் அதே கரண்ட் ஆபீஸில் மீட்டர் ரீடராக இருந்து ஓய்வு பெற்றவர். வழக்கு போட்ட நாளிலிருந்து அதைப் பற்றி வாயைத் திறந்ததில்லை. "சோறு போட்ட இடம்" என்று ஒரே ஒரு தடவை சொன்னார். அதோடு சரி.

"நீங்களாவது தடுத்திருக்கக் கூடாதா மாமா?"

"வேலைக்குன்னு வந்த ஆளுங்கம்மா. மேலேருந்து சொன்னதைச் செய்யறாங்க. அவங்களை என்ன சொல்றது?"

அப்போதுதான் அவளுக்கு இன்னொன்றும் உறைத்தது. அறை அமைதியாக இருந்தது. மின்விசிறி ஓடவில்லை. பெட்டி உறுமவில்லை.

"பத்து மணிக்கே போயிடுச்சு" என்றார் டிரைவர். "தெருவுக்கே இல்ல."

---

பதினோரு மணிக்கு வக்கீலம்மா வந்துவிட்டார். சின்ன வயது, வேக நடை, பேச்சு அதைவிட வேகம். சுவரைப் பார்த்ததும் நெற்றியில் கை வைத்துக்கொண்டார்.

"அழுதா மூக்குதான் சிந்தும் அக்கா. ஆணையர் வரட்டும். வந்ததும் நான் பேசிக்கறேன்."

ஆணையர் பதினோரு மணிக்கு வரவில்லை. பன்னிரண்டுக்கு வரவில்லை. ஒரு மணிக்குப் போன் அடித்தால் "வந்துக்கிட்டே இருக்கேன்" என்றார். இரண்டு மணிக்கும் அதே இடத்தில்தான் வந்துகொண்டே இருந்தார். வக்கீலம்மாவுக்கு மூன்று மணிக்கு வேறொரு வழக்கு. வாட்சைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார், கடைசியில் கறுப்புக் கோட்டைக் கையில் எடுத்துக்கொண்டார். வேறு வழியில்லை.

"நீங்களே பாத்துக்குவீங்க அக்கா. என்ன எழுதறார்னு மட்டும் விடாதீங்க. உங்களுக்கு நான் சொல்லணுமா?"

அவர் போய்ப் பத்து நிமிடத்தில் வாசலில் வண்டிச் சத்தம்.

ஆணையர் வந்து இறங்கியது கரண்ட் ஆபீஸ் ஜீப்பிலிருந்து. கூடவே இன்ஜினியர், மடிப்புக் கலையாத சட்டை, கக்கத்தில் ஃபைல்.

டைப்பிஸ்ட் ஜீப்பையும் ஆணையரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"என் வண்டி பஞ்சரும்மா" என்றார் ஆணையர். அறுபது வயது வக்கீல், சலித்த முகம். "வழியில இவங்க வந்தாங்க. ஏறிட்டேன். அதுல ஒண்ணும் தப்பில்லையே?"

என்ன சொல்ல முடியும்? வீட்டுக்குள் அழைத்தாள்.

ஆணையர் டேப்பை நீட்டி வெளியே பெட்டியை அளந்தார். உள்ளே வந்தார். சுவரைப் பார்த்தார். எழுதிக்கொண்டே வாயாலும் சொன்னார்.

"அறையின் சுவர் நல்ல நிலையில் உள்ளது."

"சார், அப்படி எழுதாதீங்க."

"கண்ணுக்குத் தெரியறதைத்தானம்மா எழுத முடியும்? விரிசல் எங்க இருக்கு?"

"இந்தப் பெயின்ட்டுக்கு அடியில."

இன்ஜினியர் சிரித்தார். "பெயின்ட்டுக்கு அடியில சுவர்தான் சார் இருக்கும்."

"இன்னைக்குக் காலைல இவங்க ஆளுங்க வந்து அடிச்சிட்டுப் போனது சார் இது. நீங்க வர்றதுக்கு முன்னாடி."

"நான் பாத்தேனா?" என்றார் ஆணையர். "நான் பாக்காததை எப்படி எழுதறது?"

இந்தப் பாஷை அவளுக்குத் தெரியும். பதினாறு வருடப் பழக்கம்.

"பாக்காததை எழுத வேண்டாம் சார். தொட்டுப் பாருங்க. தொட்டதை எழுதுங்க."

ஆணையர் தயங்கினார். பிறகு வலது கையின் இரண்டு விரலைச் சுவரில் வைத்து எடுத்தார். விரல் இரண்டும் வெள்ளை.

இன்ஜினியர் சட்டென்று கைக்குட்டையை நீட்டினார்.

"துடைக்கறதுக்கு முன்னாடி எழுதிடுங்க சார்" என்றாள் டைப்பிஸ்ட்.

ஆணையருக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. இடது கையால் பேனாவைப் பிடிக்க முடியாமல், வெள்ளை விரலாலேயே எழுதினார். பேப்பர் ஓரத்தில் கறை பட்டது.

"'சுவரின் வெள்ளைப் பூச்சு ஈரமாக உள்ளது. விரலில் ஒட்டுகிறது.' போதுமா?"

"'ஆய்வு நேரத்தில் தெருவில் மின்சாரம் இல்லை. ஆகவே பெட்டியின் ஒலியை அறிய முடியவில்லை.' இதையும் சேர்த்துக்குங்க சார்."

"பராமரிப்பு வேலைம்மா. எல்லாத் தெருவுலயும் நடக்கறதுதான்" என்றார் இன்ஜினியர்.

"அதையும் எழுதட்டும் சார். வழக்கமான பராமரிப்பு, ஆணையர் வர்ற அன்னைக்குன்னு."

தெருவில் மின்சாரம் இல்லை என்பதை மட்டும் ஆணையர் எழுதினார். அதுவே பெரிது என்று நினைத்துக்கொண்டாள். எழுதியதைத் திரும்ப ஒரு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள்.

அப்போதுதான் இன்ஜினியர் ஃபைலைத் திறந்தார்.

"எழுதறதுதான் எழுதறீங்க, இதையும் ஒரு வரி சேர்த்துக்குங்க சார். பழைய ஃபைல்ல கிடந்தது. நேத்துதான் கைக்குக் கிடைச்சுது."

ஒற்றைத் தாள். ஆணையர் வாசித்தார்.

"'மேற்படி வீட்டின் பக்கச் சுவரில் மின் இணைப்புப் பெட்டி அமைக்க எனக்கு ஆட்சேபணை இல்லை.' கீழ கையெழுத்து இருக்கு. தேதி இருக்கு."

டைப்பிஸ்ட் எட்டிப் பார்த்தாள். சாய்வான எழுத்து. அடியில் ஒரு கோடு, கோட்டுக்குக் கீழே இரண்டு புள்ளி. எத்தனை படிவங்களில் அவளே 'இங்க போடுங்க மாமா' என்று விரல் வைத்துக் காட்டியிருக்கிறாள்.

"இது போலி சார்! யாரோ பாத்துப் போட்டிருக்காங்க. இவங்க ஆபீஸ்லதான் அவர் முப்பத்தோரு வருஷம் இருந்தாரு. கையெழுத்துக்கா பஞ்சம்?"

"பெரியவரையே கேட்டுட்டாப் போச்சு" என்றார் ஆணையர். கட்டில் பக்கம் தாளை நீட்டினார். "ஐயா, இது உங்க கையெழுத்தா?"

மாமனார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். தாளை வாங்கினார். ஒரு வரிக் கடிதத்தைப் படிக்க அவ்வளவு நேரம் ஆகாது.

"என்னுதுதான்" என்றார்.

"அப்பா!" என்றார் டிரைவர்.

"நான்தான் போட்டேன்."

இன்ஜினியர் குரலை உயர்த்தவில்லை. அதுதான் அவளுக்கு எரிந்தது. "மனுவுல 'வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில், யாருடைய அனுமதியும் இல்லாமல்'னு சத்தியம் பண்ணிக் குடுத்திருக்காங்க சார். அதையும் கவனிச்சுக்குங்க."

ஆணையர் கவனித்துக்கொண்டார். எழுதியும் கொண்டார். ஜீப் தெருமுனை திரும்பிய ஐந்தாவது நிமிடம், மின்விசிறி சுற்றத் தொடங்கியது. சுவருக்கு அந்தப் பக்கம் பெட்டி உறுமியது.

---

"ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன்னு சொன்னீங்களே மாமா?"

"போனேன். மத்தியானம் போனேன்."

"காலைல?"

மாமனார் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். துடைத்ததையே துடைத்தார்.

"காலைல ஒருத்தன் வந்தான். என்னோட ஆபீஸ்ல இருந்தவன். ஒரே தெருவுல ஆளுக்கொரு பக்கமா எத்தனையோ வருஷம் மீட்டர் பாத்திருக்கோம். 'டிபன் பாக்ஸ் அளவுல ஒரு சின்னப் பெட்டிண்ணே, உங்க வீட்டுச் சுவர்தான் வசதியா இருக்கு, ஒரு கையெழுத்துப் போடுங்க'ன்னான். போட்டேன். டிபன் பாக்ஸுக்கு யாரைக் கேக்கணும்னு நெனச்சேன்."

"சாயங்காலம் வந்து பாத்தீங்கல்ல? டிபன் பாக்ஸா அது?"

"பாத்தேன்."

"அப்பவே சொல்லியிருக்கலாமே!"

"சொல்லத்தாம்மா வாயெடுத்தேன். நீ வாசல்ல நின்னு கத்திக்கிட்டிருந்தே. 'எவன் சரின்னான்? எவன் வீட்டை எவன் எழுதிக் குடுத்தது?'ன்னு. அந்த எவன் நான்தான்னு சொல்ல எனக்கு நாக்கு எழும்பல. நாளைக்குச் சொல்லலாம்னு இருந்தேன். நாளைக்கு நீ வக்கீலைப் பாக்கப் போயிட்டே."

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதை இதுதான். அவள் பொய் சொல்லவில்லை. ஆனால் அவள் கையெழுத்துப் போட்ட சத்தியக் காகிதத்தில் பொய் இருந்தது. அந்தப் பொய்க்குப் பக்கத்து அறையில் ஏழு மாதமாகப் பாய் விரித்துச் சோறு போட்டிருக்கிறாள்.

கத்த வேண்டும் போலிருந்தது. காதில் பஞ்சோடு உட்கார்ந்திருக்கும் மனிதரிடம் என்னவென்று கத்துவது?

---

வக்கீலம்மா போனில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"வீடு யார் பேர்ல அக்கா?"

"என் பேர்ல. எங்கப்பா கட்டினது. எனக்கு எழுதி வச்சது."

"மாமனார்?"

"அத்தை போனப்புறம் இங்க வந்துட்டாரு. ஆறு வருஷம் ஆச்சு."

"அப்ப வழக்கு சாகல. சொந்தக்காரர் நீங்க. அவர் கையெழுத்து செல்லாது. ஒரே ஒரு வரி அக்கா. கையெழுத்துப் போட்டவருக்கு வீட்டுல உரிமை இல்லைன்னு பதில் மனு. 'யாருடைய அனுமதியும் இல்லாமல்'னு சொன்னப்ப இந்தக் கையெழுத்து விஷயம் எனக்குத் தெரியாதுன்னு அதுலயே திருத்திச் சொல்லிடலாம். நாளைக்குக் காலைல பத்து மணிக்குள்ள வேணும். நீங்களே அடிச்சு எடுத்துட்டு வந்துடுங்க."

ஒரே ஒரு வரி.

மணி ஆறு. கூடத்தில் இருக்கும் பழைய கம்ப்யூட்டரைப் போட்டாள். முதல் நான்கு பத்தி மளமளவென்று ஓடியது. ஐந்தாவதில் விரல் நின்றது.

இந்த வரியை இதற்கு முன் எத்தனை பேருக்கு அடித்திருக்கிறாள்! அண்ணனுக்கு எதிராகத் தம்பி, அம்மாவுக்கு எதிராக மகன். டீ குடித்துக்கொண்டே அடித்திருக்கிறாள். ஒரு எழுத்துப் பிழை வந்ததில்லை.

'கடிதத்தில் கையெழுத்திட்டவர் மேற்படி வீட்டில் தங்கியிருப்பவர் மட்டுமே. வீட்டின் மீது அவருக்கு'

பின்னால் டிரைவர் வந்து நின்றார். திரையைப் படித்தார். காலையில் படிக்காமல் விட்டதற்கெல்லாம் சேர்த்துப் படிப்பவர் மாதிரி, எழுத்தெழுத்தாக.

"'தங்கியிருப்பவர்'னா? லாட்ஜுல தங்கற மாதிரியா?"

"கோர்ட்டு பாஷைங்க அது."

"'உறவினர்'னு போடேன்."

"உறவினர்னா உரிமை இருக்குன்னு அவங்க வக்கீல் பிடிச்சுக்குவாரு."

"அவரு எங்க அப்பா."

"எனக்கும் ஆறு வருஷமா அப்பாதான். அதை எந்தப் பத்தியில அடிக்கறதுன்னு சொல்லுங்க, அடிச்சுடறேன்."

"கேஸை விட்டுடலாமா?" என்றார் டிரைவர்.

"விட்டுடலாம். அடுத்த மழைக்கு அந்த வெள்ளை உரிஞ்சு விழும். அவர் தலைமாட்டுல சுவரு பொளந்து நிக்கும். அப்ப யாரைக் கேப்பீங்க? வந்தவங்களுக்கு டீ போட்டுக் குடுப்பீங்களா?"

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். அறைக் கதவு திறந்துதான் இருந்தது.

மாமனார் சுவரைத் தொடாமல், நடையின் நடுவாகவே நடந்து வந்தார். காதுப் பஞ்சை எடுத்துவிட்டிருந்தார். நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.

"வாசி."

"வேண்டாம் மாமா."

"வாசிம்மா. கண்ணு தெரியல."

வாசித்தாள். 'அவருக்கு' என்ற இடத்தில் நின்றாள்.

"மிச்சம்?"

"இன்னும் அடிக்கல."

"'எவ்வித உரிமையும் கிடையாது'ன்னு போடு. அதானே வரணும்?"

"ஆமா."

"போடு. அஞ்சு எண் ஓடற மீட்டர்ல ரெண்டு எண்ணை மட்டும் குறிச்சுட்டு வந்தா ஆபீஸ்ல திருப்பி அனுப்புவாங்க. வரின்னா முழுசா இருக்கணும்."

அவள் அடித்தாள். ஒவ்வொரு எழுத்தாக. கண் மறைத்ததில் ஒரு எழுத்து தப்பிப் போனது. அழித்துவிட்டுத் திரும்ப அடித்தாள். டிரைவர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

"கோர்ட்டுல உங்களையும் கூப்பிடுவாங்க மாமா."

"வரேன். கையெழுத்து என்னுதுன்னு சொல்றேன். வீடு என்னுது இல்லைன்னும் சொல்றேன். டிபன் பாக்ஸ் அளவுன்னு சொல்லி ஏமாத்தி வாங்கினதையும் சொல்றேன்."

"வந்து வாங்கினது யாருன்னு கேப்பாங்க. அதுதான் முக்கியம். பேரைச் சொன்னா அவரைக் கூண்டுல ஏத்திடலாம்."

மாமனார் எழுந்துகொண்டார்.

"அதை மட்டும் கேக்காதே."

"மாமா..."

"அவனுக்கு இன்னும் சர்வீஸ் இருக்கும்மா. நான் சொன்னா அவன் வேலை போயிடும். கையெழுத்து வாங்கச் சொன்னவன் எவனோ மேல உக்காந்திருப்பான். மாட்டிக்கறது இவனாத்தான் இருக்கும். எனக்கு உரிமை இல்லைன்னு ஊரே கேக்க நான் சொல்றேன். அவன் பேரு என் வாயில வராது."

"பேரைச் சொல்லாம என்ன சாட்சி மாமா அது? பாதி எண்ணைக் குறிக்கக் கூடாதுன்னு இப்பத்தானே சொன்னீங்க?"

அவர் நின்றார். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அவள் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். வரி முழுசாக இருந்தது. வழக்கு பாதியில் நின்றது. சுவரைத் துளைத்தவர்கள் ஒரு பக்கம், துளைக்கச் சரி என்றவர் ஒரு பக்கம், நடுவில் தான் மட்டும் தலையை இடித்துக்கொண்டிருப்பதாகப் பட்டது. பிரின்ட் கொடுத்தாள். பிரின்டர் கரகரத்துத் தாளை இழுத்தது.

"எனக்குத் தெரியும்" என்றார் டிரைவர்.

ஜன்னலைப் பார்த்தபடியேதான் சொன்னார். குரல் அவ்வளவு சின்னதாக இருந்தது. பிரின்டர் சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்தாள்.

"என்னங்க?"

"அன்னைக்கு வந்தது யாருன்னு. எனக்குத் தெரியும்."

அவள் நாற்காலியோடு திரும்பினாள்.

"எப்பலேருந்து?"

டிரைவர் வெளியே வந்த தாளை எடுத்தார். மடங்காமல் இரண்டு கையாலும் பிடித்து, அவள் முன்னால் கொண்டுவந்து வைத்தார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"எப்பலேருந்து தெரியுங்க?" என்று அவள் மறுபடி கேட்டாள்.